நாற்பது நாள் நல்லவன்

மகனே,

இந்த எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் எழுத்து இல்லையே, யார் எழுதியது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். நான்தான், உன் அப்பா. கீரி ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, மீன் வெட்டும் பலகையைக் கழுவித் துடைத்து மடியில் வைத்து, என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி, அதைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அப்படியே அங்கே இருக்கிறது. காற்று அடித்தும் அது போகவில்லை. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேற்று "மகனே" என்ற சொல்லை மட்டும் ஐந்து தரம் எழுதிப் பார்த்துவிட்டு, அதில் வடிவானதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

தொடங்கி இரண்டு நாளாகிறது. இப்போதுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "நீங்கள் எழுதி முடிக்க அடுத்த தவசும் வந்திடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் பகிடிக்குத்தான் சொல்கிறாள். எனக்குப் பகிடியாக இல்லை. விபூதிப் புதனோடு தவசின் நாற்பது நாள் தொடங்கி, பதினோரு நாளாகிறது. யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முதல் இது உன் கையில் இருக்க வேண்டும். தலைமன்னாரில் நின்று பார்த்தால் நீ இருக்கும் கரை ஒரு விடியலில் ஓடிப் பிடிக்கிற தூரம். ஆனால் கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை. கடிதம் பாதை திறந்திருந்தால் வவுனியா போய், கொழும்பு போய், ஆகாயத்தில் ஏறி, மறுபடி இறங்கி, உன் அகதி முகாமுக்கு வரவேண்டும். நடுவில் எத்தனை சென்றிச் சாவடியில் ஆமிக்காரர் அதைப் பிரித்துப் பார்ப்பார்களோ தெரியாது. மூன்று கிழமையில் வந்ததும் உண்டு, மூன்று மாதத்தில் வந்ததும் உண்டு. படகு என்றால் எனக்கு ஓட்டத் தெரியும். கடிதத்தை நான் ஓட்ட முடியாது.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். நீங்கள் அக்கரைக்குப் போய் ஏழு வருடம். உன் மனைவி மெற்றில்டா எழுதிய கடிதங்கள், அவற்றின் அடியில் நீ எழுதிய நாலு நாலு வரிகள், எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னில் இருக்கின்றன. முன்பெல்லாம் உன் அம்மா வாசிப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வாசித்துக்கொண்டு போகும்போது அவளுக்குத் தொண்டை கட்டும். "கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கோ" என்பாள். நான் போய்க் குடத்தில் மொண்டு வருவேன். வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடங்குவாள். ஒவ்வொரு கடிதத்திலும் இப்படி ஒரு தரமோ இரண்டு தரமோ நடக்கும். வயது போகிறது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருந்தேன். போன வருடம் அவளுடைய கண்ணில் புகை படர்ந்துவிட்டது. எனக்கும் அதற்குள் எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. ஒரு மழை நாளில் ரின்னைத் திறந்து, முதல் கடிதத்தில் இருந்து விரல் வைத்து வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தது. நான் தண்ணீர் எடுக்கப் போன இடங்களில் எல்லாம் நீ குடித்திருந்தாய்.

உன் அம்மாவிடம் கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்? பிள்ளை இப்படிப் போயிட்டானே எண்டு அதைச் சாட்டி இன்னும் ரெண்டு பிளா கள்ளு குடிச்சிருப்பீங்கள்" என்றாள். அவள் சொன்னது சரி.

போன கிழமை மெற்றில்டாவின் கடிதம் வந்தது. தவசு தொடங்க முதல் எழுதியிருக்கிறாள். நானே வாசித்தேன், உன் அம்மா பக்கத்தில் இருந்து கேட்டாள். வருகிற விபூதிப் புதன் தொட்டுப் பாஸ்கு வரைக்கும் குடியைத் தொடமாட்டேன் என்று நீ முகாம் கோவிலில் வைத்துச் சொல்லியிருக்கிறாயாம். அவளுக்குச் சந்தோஷம். "போன வருசமும் அந்த நாற்பது நாள்தான் மாமா, நான் சோத்தை ஆறுதலாய் இருந்து சாப்பிட்டனான்" என்று எழுதியிருக்கிறாள். உன் அம்மா அதைக் கேட்டுக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. அந்த நாற்பது நாள் எனக்குத் தெரியும், மகனே. நீ அதை யாரிடம் பழகினாய் என்பதும் தெரியும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீரியில் என்னைப் போலத் தவசு பிடித்தவன் இல்லை. விபூதிப் புதனுக்கு முதல் நாள் கள்ளுத் தவறணைக்குப் போய், கடைசிப் பிளாவைக் குடித்து முடித்து, அந்த ஓலைப் பிளாவை வாங்குப் பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்புவேன். "இனிப் பாஸ்குவிலதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். சொன்னபடி நடப்பேன். பனையில் கள்ளுச் சொரிகிற காலம் அது. ஊரே மணக்கும். நான் திரும்பியும் பார்க்க மாட்டேன். சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைக் காட்டிப் பேசுவார். சனம் திரும்பி என்னைப் பார்க்கும். பின்னேரத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிப்பதற்கு முன்வரிசையில் நிற்பேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் வரிகள் முழுக்கப் பாடம்.

அந்த நாட்களில் வேளைக்கு வீட்டுக்கு வருவேன். உன்னைக் கடலுக்குள் கூட்டிப் போய் நீந்தப் பழக்கியது ஒரு தவசில்தான். உன் அம்மா அந்த நாற்பது நாளும் தலைக்கு எண்ணெய் வைத்து முடியைப் பின்னித் தொங்க விடுவாள். மற்ற நாட்களில் இறுக்கி முடிந்து சேலைத் தலைப்பால் மூடி வைத்திருப்பாள், பிடிப்பதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று. இதை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவள் ஏன் அப்படி முடிந்தாள் என்று உனக்குத் தெரியும். நீ பார்த்திருக்கிறாய்.

உனக்கு ஏழு வயது இருக்கும். பாஸ்குவுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை. மறுநாள் சமையலுக்கு ஒரு நல்ல பாரை மீனைத் தூக்கிக்கொண்டு நானும் நீயும் கரையில் இருந்து வந்துகொண்டிருந்தோம். வாலை நீ பிடித்திருந்தாய், தலையை நான் பிடித்திருந்தேன். நடுவழியில் நின்று கேட்டாய்: "அப்பா, இந்த முறை பாஸ்கு வராமல் விட்டால் என்ன?"

நான் சிரித்தேன். யேசு உயிர்க்காமல் விடுவாரா என்று சொல்லி உன் தலையில் தட்டினேன். நீ கேட்டது விளங்காமல் இல்லை. விளங்கியபடியால்தான் சிரித்தேன். மறுநாள் பூசை முடிந்து நேரே தவறணைக்குப் போய், இரண்டாவது பிளாவில் அதைப் பகிடியாகச் சொன்னேன். பிலிப்பு மாமா இருந்தாரே, என் கூட்டாளி, அவர் வாங்கில் இருந்து கீழே விழுந்து சிரித்தார். பிறகு அது தவறணையின் நிரந்தரப் பகிடியாகிவிட்டது. நீ புத்தகப் பையோடு தவறணை இருக்கும் ஒழுங்கைப் பாதையால் போகும்போது, "தம்பி, பாஸ்கு வந்திட்டுதோடா?" என்று கேட்பார்கள். நீ தலையைக் குனிந்து கொண்டு போனாய். கண்டேன். கண்டும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

நான் செய்த பிழையை இப்படித்தான் எழுத வருகிறது. நாற்பது நாள் விட முடிகிற ஒருவன் குடிகாரன் இல்லை என்று நம்பினேன். ஊரும் நம்பியது, சுவாமியும் நம்பினார். அந்த நாற்பது நாளைக் காட்டி மற்ற நாள் எல்லாவற்றையும் நான் குடித்தேன். யாரும் வாய் திறந்தால், "தவசில நான் தொட்டனானோ?" என்று கேட்பேன். அவர்கள் பேச்சை மாற்றுவார்கள். உள்ளுக்குள் நான் விட்டிருக்கவே இல்லை. காலையில் கண் விழித்ததும் இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணுவேன். எங்கள் கடலில் சங்கு குளிக்கிறவனைப் பார்த்திருப்பாய். எவ்வளவு நேரம் அடியில் இருக்கிறான். மேலே வரப்போகிறோம் என்று தெரிந்தபடியால்தான் அவன் அந்த மூச்சைப் பிடிக்கிறான். நான் அப்படித்தான் ஒவ்வொரு வருடமும் நாற்பது நாள் அடியில் இருந்தேன்.

இனி எழுதப் போவதற்காகத்தான் உண்மையில் பேனை எடுத்தேன். மூன்று நாளாக இந்த இடத்தில் நிற்கிறேன்.

நீங்கள் அக்கரைக்குப் போன அந்த வருடம், பாஸ்குவுக்கு முதல் கிழமை ஆமியின் சுற்றிவளைப்பு இரண்டு. உன்னை இனி இங்கே வைத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கலியாணம் முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை போவது என்று தீர்மானித்தோம். வேறு யாருடைய படகிலும் என் பிள்ளை போக வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று சொன்னேன். தவசு காலம் என்றபடியால் நீ நம்பினாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஒரு பிளா என்று போனேன். நாற்பது நாள் காய்ந்த உடம்பு எப்படி வாங்கும் என்று உனக்கு இப்போது தெரியும். திங்கட்கிழமை பொழுது படுகிற நேரம், வாசலில் பாயில் கிடந்தேன். வேறு படகுக்காரனைப் பேசிவிட்டு நீ வந்தாய். "அப்பா, போட்டு வாறம்" என்று விடை கேட்டாய். மறுபடியும் சொன்னாய். மெற்றில்டா பின்னால் நின்று, "விடுங்கோ, நித்திரை கொள்ளட்டும்" என்றாள். பயணத்துக்குக் கட்டிய மூட்டையை அவிழ்த்து, அதில் இருந்த ஒரே படுக்கை விரிப்பை எடுத்து என் மேல் போர்த்துவிட்டுப் போனாய்.

நான் நித்திரை இல்லை, மகனே.

இரண்டு தரமும் கேட்டது. கண்ணைத் திறந்தால் எழும்ப வேண்டும். எழும்பினால் உன் முன்னால், அவள் முன்னால் விழுவேன் என்று தெரியும். கண்ணை மூடியபடி கிடந்தேன். விரிப்பில் புதுத் துணி மணந்தது. உங்கள் காலடி மணலில் போவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது. அவளுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டத்தான் வேண்டும். இந்த இடம் வரும்போது நானும் அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்புவேனோ தெரியவில்லை.

அன்றோடு விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எதையும் எழுதலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் விடவில்லை. கூடத்தான் குடித்தேன். கடலுக்கு நேவி நேரம் போட்டிருந்தது. காலையில் பாஸ் வாங்கிப் போய் இரண்டு மணிக்குள் கரையில் நிற்க வேண்டும். இரவெல்லாம் கடலில் கிடந்த ஆட்களுக்கு இரண்டு மணிக்குப் பிறகு என்ன வேலை? வெறும் பின்னேரம். நாலு மணிக்குத் தவறணை நிறைந்துவிடும். அதற்குள்ளும் வருடா வருடம் தவசு பிடித்தேன்.

நான் எப்படி விட்டேன் என்று நீ கேட்பாய். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நாலு வருடத்துக்கு முதல், பாஸ்கு கழிந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை, ஒரு விசேஷமும் இல்லாத நாள். வழக்கம்போலப் போனால் தவறணை ஒழுங்கையில் மண்மூட்டை அடுக்கி, முள்ளுக்கம்பி இழுத்து, புதிதாக ஒரு சென்றி. உன் வயதுதான் இருக்கும் ஆமிக்காரனுக்கு. திரும்பிப் போ என்று கையால் காட்டினான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கோவிலைச் சுற்றி நடந்தேன். கோவில் மண்டபத்தில் கட்டுக்கரைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு ரீச்சர், நிவாரண அட்டையில் கையெழுத்து வைக்கப் பெண்களுக்கு எழுத்துப் பழக்கிக்கொண்டிருந்தா. நான் படியில் இருந்தேன். "வெயிலுக்குள்ள இருக்காதேங்கோ ஐயா, உள்ள வாங்கோ" என்று கூப்பிட்டா. உள்ளே போனதும் ஒருத்தி கேட்டாள், "மாமா எழுத வந்தனீங்களோ, காத்து வாங்க வந்தனீங்களோ?" எல்லாரும் சிரித்தார்கள். நடுங்குகிற கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போல இருந்தது. சிலேற்றை வாங்கினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மறுநாளும் ஒழுங்கை பூட்டித்தான் இருந்தது. பிலிப்பு பின்வேலியால் ஒரு பாதை கண்டுபிடித்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தார். "மச்சான், பாஸ்கு முடிஞ்சு ரெண்டு கிழமை. நீ இன்னும் சிலுவையிலயோ தொங்குறாய்?" என்றார். அந்த வேலியால் நான் மூன்று தரம் புகுந்து போனேன். மூன்று தரமும் அடுத்த நாள் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். ரீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை, சிலேற்றைத்தான் நீட்டினா. மூன்றாம் மாதம் சென்றியை எடுத்துவிட்டார்கள். ஒழுங்கை திறந்து கிடந்தது. முக்கில் நின்றேன். அன்றைக்கு உன் பெயரை எழுதக் காட்டித் தருவதாக ரீச்சர் சொல்லியிருந்தா. அது எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில் மண்டபத்துப் பக்கம் நடந்தேன். அடுத்த கிழமை மறுபடியும் போய்க் குடித்தேன். அதுதான் கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லி வைக்கவில்லை, பிளாவைக் கவிழ்க்கவில்லை. அடுத்த தவசு வந்தபோது விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சுவாமிக்கு அந்த வருடம் காட்டிப் பேச ஆளும் இல்லை.

இப்போது சொல், இதில் உனக்கு நான் எதைப் புத்தியாகச் சொல்வது? என் மன உறுதி என்று ஒன்றும் இல்லை. ஆமிக்காரன் ஒழுங்கையை மறித்தான் என்று சொன்னால் உன் அம்மா சண்டைக்கு வருவாள். "மாதாவிட்ட நான் அழுதது உங்களுக்குக் கணக்கில்லையோ?" என்பாள். இரண்டுமாக இருக்கலாம். இன்றைக்கும் நாலு மணி ஆனால் நாக்கு ஊறுகிறது. அந்த ஒழுங்கையால் நான் போவதில்லை. கோவிலைச் சுற்றித்தான் போகிறேன், கால் நோவோடும். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. உனக்கு அங்கே யார் பாதையை மறிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் மகளுக்கு இப்போது ஆறு வயது. நீ அன்று என்னிடம் கேட்டதை அவள் உன்னிடம் கேட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் மன்றாடுகிறேன். கேட்டால் சிரிக்காதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதே, எனக்கும் பண்ணாதே, கோவிலிலும் பண்ணாதே. பாஸ்கு அன்று பூசை முடிந்து, சாப்பிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பேனையும் பேப்பரும் எடுத்துக்கொண்டு இரு. எனக்கு ஒரு கடிதம் எழுது. அடியில் நாலு வரி வேண்டாம், முழுக் கடிதம். நானும் அந்த நேரம் இங்கே இந்தக் கதிரையில், இந்தப் பலகையோடு உனக்கு எழுதிக்கொண்டிருப்பேன். மறுநாளும் எழுதலாம். நான் இதில் எழுதாமல் விட்டதைக் கேள், என்னைப் பேச வேண்டியது இருந்தால் பேசு. குடித்திருந்தாலும் அதையும் எழுது. இனி உன் கடிதத்தில் எந்த வரியும் விடுபடாது. நான்தான் வாசிக்கிறேன்.

இது பாஸ்குவுக்கு முதல் வந்து சேராமல் போகலாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி நடந்தால் அடுத்த தவசுக்கென்று எடுத்து வைக்காதே. இது எந்த நாள் உன் கைக்கு வருகிறதோ அந்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு இரு. நான் பாஸ்கு முடிந்தாலும் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் இங்கே இருப்பேன், வேறு எங்கும் எனக்குப் போகவும் இடமில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். போட்டு வா, மகனே.

உன் அப்பா